கறுவாவுக்கு வைத்த தண்ணீர்

பின்னேர அஸர் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூதுக்குப் போன ஹஃபீலாவின் காதில் குசினிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் விழுந்தது. சளக், சளக், சளக். பூனை தண்ணீர் குடிக்கிற சத்தம்தான், அதில் புதினம் ஒன்றுமில்லை. ஆனால் தொழத் தொடங்கும்போது கேட்ட சத்தம், சலாம் கொடுத்து முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது. பாயை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். கறுவா தன் கிண்ணத்தை வெறுமையாக்கிவிட்டு, நல்ல தண்ணீர் வாளியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி, கழுத்து வரை உள்ளே குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காதுகூட அசையவில்லை.

புத்தளத்துத் தில்லையடியில் அவர்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், தொழுகைக்கு முன் கை முகம் கழுவி உளூ எடுக்கலாம், அவ்வளவுதான். குடிக்கவும் சமைக்கவும் வடிகட்டிய தண்ணீரைக் கேனில் வாங்கி, குசினி மூலையில் மூடி போட்ட நீல வாளியில் ஊற்றி வைப்பாள். அந்த வீட்டில் அதற்குப் பெயரே நல்ல தண்ணி. கறுவா, கற்பிட்டியிலிருந்து வந்த வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அவள் கணவன் ஸலாஹுதீனின் லொறியில் ஏறி வந்த குட்டி. வந்த நாளிலிருந்தே கிணற்றுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "மகாராணிக்குக் கடைத் தண்ணிதான் எறங்கும்" என்று அவன் கேலி செய்வான்.

ஒரு விஷயத்தில் மட்டும் மகாராணி இறங்கி வருவாள். ஹஃபீலா உளூ எடுத்துக்கொண்டு வந்தால், கிண்ணத்தில் வைத்தால் தொடாத அதே கிணற்றுத் தண்ணீரை அவள் கையிலிருந்து ஒரு சொட்டு விடாமல் நக்கித் தீர்க்கும். சொரசொரவென்று இழுக்கும் அந்த நாக்கு. துஆவுக்கு அவள் ஏந்திய உள்ளங்கையில் தலையால் வந்து முட்டும். பிள்ளை இல்லாத வீட்டில் பூனைக்கு இவ்வளவு இடம் கொடுத்தது பிழையா சரியா என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. அவள் அதை நேசித்தாள், அவ்வளவுதான்.

புத்தளத்து மிருக வைத்தியர் சுதர்சினி உடப்புப் பக்கத்துப் பெண், பேச்சில் பூசி மெழுகுவது கிடையாது. கறுவாவின் பிடரித் தோலைப் பிடித்து உயர்த்திப் பிறகு விட்டாள். தோல் திரும்பிப் படியாமல் உயர்ந்தபடியே நின்றது.

"கிட்னி ரெண்டும் களைச்சிட்டுது. குடிக்கிறது ஒண்டும் உள்ளுக்கு நிக்குதில்ல. அதுதான் எவ்வளவு குடிச்சாலும் தாகம் தீராது. கொழும்புல வச்சு சேலைன் ஏத்தினா கொஞ்சக் காலம் இருக்கும். செலவு கூட. பிறகும் விடாமக் கொண்டுபோகவேணும்."

"ஏலாட்டி?"

"ஊசி இருக்கு. ஒரு நிமிசம். நித்திரை மாதிரிப் போயிடும், நோவு தெரியாது." கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "ரெண்டில ஒண்டச் செய்யுங்க. சும்மா மட்டும் விட்டுராதீங்க. தாகத்தில சாகிறது பொல்லாத சாவு."

வீட்டில் காசு இருந்தது. மாரி தொடங்குமுன் கூரைக்குத் தகரம் மாற்ற என்று இருவருமாகச் சேர்த்த காசு. போன மாரியில் கட்டிலை அறைக்குள் எத்தனை இடத்துக்கு நகர்த்தினார்கள் என்பதை அவள் மறக்கவில்லை. ஸலாஹுதீன் சோற்றுப் பீங்கானை வழித்து முடித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னான்.

"கூரைக் காச எடுக்கிறதென்டா எடு. ஊசி போடுறதென்டா போடு. நான் ஒன்டுக்கும் வேணாமென்டு செல்ல மாட்டேன். ஒன்ட பூனை, நீயே முடிவெடு."

அவன் நல்ல மனிதன், அதுதான் கரைச்சல். திட்டியிருந்தால் அழுதிருக்கலாம், மறுத்திருந்தால் பழியை அவன் தலையில் போட்டிருக்கலாம். அவனோ முடிவை அவள் கையில் கொடுத்துவிட்டு லொறியில் ஏறிப் போய்விட்டான். பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் அவள் கேட்கவில்லை. சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் கேட்டிருந்தாள், பூனையை அடைத்துப் போட்டுச் சாகவிட்டதற்காக நரகத்துக்குப் போன பெண்ணின் கதையை. ஊசி போடச் சொல்லி நீட்டுகிற கையும் அந்தப் பெண்ணின் கைதானே என்று அவளுக்குப் பட்டது.

வழி சொன்னது அடுத்த வளவு பஸீனா ராத்தா. வேலிக்கு மேலால் சாவகாசமாகச் சொன்னாள், அவரைக்காய் ஆய்ந்தபடி.

"கொல்லவும் வேணாம், வெச்சிக்கவும் வேணாம். மீன் காயப் போடுற கற்பிட்டிக் கருவாட்டு வாடில கொண்டு விடு. மீன் தலை தின்டுட்டுக் கிடக்கும். அல்லாஹ் நாடினாப் பொழைக்கும். எல்லாரும் செய்றதுதானே. விடுற எடத்துல மட்டும் சாக்க மூனு தரம் நல்லாச் சுத்து, அதுக்குத் தெசை மாறிரும். பொறகு முடிச்ச அவுத்துட்டுத் திரும்பிப் பாக்காம வா."

எல்லாரும் செய்கிறதுதான். அந்தத் தெருவில் யாரும் பூனையைக் கொன்றதில்லை. கிழடு தட்டியது, சொறி பிடித்தது, கணக்குக்கு மேல் போட்ட குட்டி எல்லாமே சாக்கில் ஏறி, மூன்று சுற்றுச் சுற்றி, அல்லாஹ்வின் பொறுப்பில் விடப்பட்டன. அது செலவும் இல்லை, கொலையும் இல்லை. கறுவாவுக்குக் கற்பிட்டிதானே பிறந்த ஊர் என்று ஹஃபீலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது நியாயமாகவே பட்டது.

அபாயா தைப்பது அவள் தொழில். சாக்கின் வாயைக் கட்டக் கையில் அகப்பட்டது, ஒரு அபாயாக் கையிலிருந்து வெட்டி எடுத்த கறுப்புப் பட்டி. ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கல் பதித்தது. வேறு உடுப்புக்குப் பாவிக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தாள். ஸலாஹுதீன் வைத்திருந்த புது உரச்சாக்குக்குள் கறுவா தானாகவே நடந்து போய் உட்கார்ந்துகொண்டது. அவள் விரித்துப் பிடித்த எதற்குள்ளும் அது போய் உட்காரும். அன்றும் அப்படித்தான்.

முனாஸ் நானாவின் ஓட்டோ பாலாவி தாண்டிக் கற்பிட்டி வீதியில் திரும்பியது. கறுவா கத்தும் என்று பயந்திருந்தாள், அது கத்தவில்லை. மடியில் வைத்த சாக்குக்குள்ளிருந்து வறண்ட நாக்கு உரச்சாக்கின் பின்னலை நக்குகிற சத்தம் மட்டும் விடாமல் வந்தது. பிறகு அவள் மடியில் சூடாக ஈரம் பரவியது. அந்த ஈரம்தான் அவளை உடைத்தது. இருபுறமும் உப்பளம் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தது.

"நானா, இங்க நிப்பாட்டுங்க."

"இங்கயா? வாடி இன்னும் தூரமே. இங்க ஒன்டுமில்ல, உப்புத்தான் இரிக்கி."

"பரவால்ல, நிப்பாட்டுங்க."

வரம்பில் இறங்கி நடந்தாள். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. கடலோரக் களப்பின் அழுகல் வாடையும் வெயிலில் காய்கிற உப்பின் நெடியும் தொண்டையைப் பிடித்தன. பாத்திகளில் தண்ணீர் இருந்தது, ஆனால் அது வாயில் வைக்கிற தண்ணீர் இல்லை. ஓலை போட்டு மூடிய உப்புக் குவியலின் பின்னால், வீதிக்குத் தெரியாத இடத்தில் நின்று சாக்கை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. வானமும் உப்பும் ஒன்றோடொன்று கலந்து தலை கிறுகிறுத்தது. சாக்கைக் கீழே வைத்தாள். அதன் முகத்தைப் பார்த்தால் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவோம் என்று தெரிந்திருந்ததால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முடிச்சில் விரலை வைத்தாள். வீதியில் ஹோன் அலறியது. உப்பு லொறிக்கு வழி விடச் சொல்லி யாரோ முனாஸ் நானாவை விரட்டினார்கள். அவள் ஓடினாள். பஸீனா ராத்தா சொன்னபடி திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவு போனில் ஸலாஹுதீன் கேட்டான், "வாடில விட்டியா?"

"ஓம்" என்றாள்.

பொழுது சாய, மஃரிபுக்கு முன் பிஸ்மி சொல்லி வீட்டிலுள்ள பாத்திரங்களை எல்லாம் மூடுவது அவள் வழக்கம். கறுவா இல்லாத முதல் நாட்களிலும் அப்படியே மூடினாள். ஒரு நாள் தொழுது முடித்துக் குசினிக்குப் போனபோது நீல வாளியின் மூடி தரையில் கிடந்தது. எலி, என்று நினைத்தாள். பூனை போனால் எலிக்குக் கொண்டாட்டம்தானே. மறுநாள் மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். குழவி அசையவில்லை, மூடியும் அசையவில்லை. ஆனால் காலையில் திறந்தபோது வாளியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வாளியின் உள் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்ததை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. தண்ணீர்க்காரன் ஏமாற்றிவிட்டான், இனி வேறு கடையில் வாங்க வேண்டும் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள், கேட்க ஆளில்லாத வீட்டில்.

ஸலாஹுதீன் வந்த அன்று பகல் சாப்பிட்டு, படுத்தெழும்பி, திரும்பப் புறப்படும் நேரத்தில் லொறியடியிலிருந்து கேட்டான்.

"அந்தப் புது உரச்சாக்கு எங்க?"

"கறுவாவக் கொண்டு போனேனே."

"அது தெரியும். அவுத்து விட்ட பொறகு சாக்கக் கொண்டு வரல்லியா?"

"மறந்துட்டேன்."

"நல்ல சாக்கு" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அதோடு அவனுக்கு அது முடிந்தது.

அவளுக்கு அங்கேதான் தொடங்கியது. சாக்கை விடுவோம். முடிச்சை அவிழ்த்திருந்தால் பட்டி கையோடு வந்திருக்க வேண்டுமே. கல் பதித்த பட்டி. ஒரு சாண் துணியைக்கூட எறியாத கை அவளுடையது. கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். அன்று உடுத்திருந்த அபாயாவின் பையைப் பார்த்தாள், தையல் பெட்டியைப் பார்த்தாள், அலுமாரியின் கீழ்த்தட்டை இழுத்துப் பார்த்தாள், தையல் மெசினுக்கு அடியில் குப்புறப் படுத்துத் தடவினாள். நூல் உருண்டை, ஊசி, கறுப்புத் துண்டுகள். பட்டி இல்லை.

கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். விரல் முடிச்சில் இருக்கிறது. இழுக்கிறாள். முடிச்சு இளகுகிறது. இல்லை, இளகவில்லை. ஹோன். திரும்பவும் நினைத்தாள். விரல் முடிச்சில் இருக்கிறது. இந்த முறை பட்டி அவிழ்ந்து கையோடு வந்தது, ஆனால் அது நீல நிறப் பட்டியாக இருந்தது. மனம் அவளுக்காகத் தைத்துக் கொடுத்த பொய் அது, தையல்காரிக்குத் தெரியாதா. இரண்டு கையையும் விரித்து வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை முனாஸ் நானாவைக் கூப்பிட்டு, மோதிரம் ஒன்று தவறிவிட்டது என்று சொல்லி உப்பளத்துக்குப் போனாள். பொய் இப்போது அவளுக்கு மூச்சு விடுவது போல வந்தது. திறந்த வெறும் சாக்கு கிடக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் அல்லாஹ்விடம் கேட்டது. வாய் திறந்த வெறும் சாக்கு.

ஓலை போட்ட குவியலின் பின்னால் சாக்கு இல்லை. அவள் அதை வைத்த இடத்தில், உப்புப் படிந்த மண்ணில் ஒரு தடம் இருந்தது. காலடி இல்லை, பூனையின் பாதமும் இல்லை. எதையோ இழுத்துக்கொண்டு போன அகலமான தடம். வைத்த இடத்தையே அது முதலில் வட்டமாகச் சுற்றியிருந்தது. ஒரு வட்டம். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் மூன்றாவது. பிறகு வட்டத்தை விட்டு வெளியே வந்து, வரம்பு வழியே கோணல் இல்லாமல் நேரே போயிருந்தது, புத்தளம் பக்கமாக.

"யாரோ உப்புச் சாக்கு இழுத்திட்டுப் போயிரிக்கிறாங்க" என்றார் முனாஸ் நானா. "மோதிரம் அம்புட்டா?"

"இல்ல நானா. போவோம்."

வழி முழுக்க அவள் வீதியோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலாவிச் சந்தி வரை தார் ஓரத்து மணலில் அந்தத் தடம் அங்கங்கே தெரிந்தது போலிருந்தது. மாட்டு வண்டி போயிருக்கும். யாராவது ஓலை இழுத்துப் போயிருப்பார்கள். தில்லையடியில் இறங்கி, படலையைத் திறக்குமுன் வளவு மணலைப் பார்க்கக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு, நிமிர்ந்தபடியே நடந்து உள்ளே போனாள்.

பகல் முழுக்க மெசினில் உட்கார்ந்திருந்தாள். கால் மிதித்துக்கொண்டிருந்தால் வேறு சத்தம் கேட்காது. புதுக் கடையிலிருந்து வந்த கேனை நீல வாளியில் நிரப்பி, மூடி போட்டு, குழவியை ஏற்றி வைத்தாள். அஸருக்குப் பிறகு ஊசியில் நூல் அறுந்து மெசின் நின்றபோது போன் அடித்தது. டொக்டர் சுதர்சினி.

"ஹஃபீலா, பூனை எப்படி இருக்கு? நான் யோசிச்சனான். உங்களுக்குக் கொண்டு வர ஏலாட்டி நானே வாறன். புத்தளத்துக்குத்தானே வந்து போறன், வாற வழிதானே. ஊசிக்குக் காசு ஒண்டும் வேணாம்."

இவ்வளவு லேசாக முடிந்திருக்கக் கூடிய காரியம். ஒரு நிமிசம், நித்திரை மாதிரி. அவள் மடியிலேயே, அவள் கை பிடரியில் இருக்க.

"டொக்டர், அது வந்து..."

"கேக்குது, கேக்குது" என்றாள் சுதர்சினி, சிரிப்பு கலந்த குரலில். "தண்ணி குடிக்கிற சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்குது. பக்கத்திலேயே வச்சிருக்கிறீங்க போல. குடிக்கட்டும், தடுக்காதீங்க. நாளைக்கு வாறன்."

போன் நின்றது. ஹஃபீலா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் வீட்டின் சத்தம் கேட்கும். கை மரத்துப் போகும் வரை வைத்திருந்தாள். கடைசியில் எடுத்தபோது வீடு அமைதியாக இருந்தது. அடுத்த வளவில் பஸீனா ராத்தா கோழிகளைக் கூட்டுக்குள் விரட்டிக்கொண்டிருந்தாள். உலகம் தன் பாட்டில் இருந்தது.

பஸீனா ராத்தா வீட்டுக்கு ஓடிப்போக நினைத்தாள். போய் என்ன சொல்வது? முடிச்சை அவிழ்க்கவில்லை என்றா? வாடி வரை போகவேயில்லை என்றா? அதைச் சொல்வதைவிட இங்கேயே இருப்பது சுலபமாகத் தோன்றியது. ஸலாஹுதீனுக்கு அடித்தாள், அவன் எடுக்கவில்லை. பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். தொழுவோம், தொழுதால் மனம் அடங்கும் என்று கிணற்றடிக்குப் போய் வாளியில் மொண்டு உளூ எடுத்தாள். கை, வாய், முகம். முழங்கை வரை மூன்று முறை. கிணற்றுத் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் கரித்தது, அல்லது அவள் உதட்டில் ஏற்கெனவே உப்பு இருந்தது.

பின்கதவால் குசினிக்குள் நுழைந்தாள். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக்கூடாது, அதனால் லைட்டைப் போடவில்லை. இருட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. யன்னலில் சாம்பல் வெளிச்சம் மிச்சமிருந்தது. குசினியில் களப்பின் வாடை அடித்தது. அழுகலும் உப்பும், அதற்குள்ளே மெலிதாகப் பூனை மூத்திரமும்.

மூடி தரையில் கிடந்தது.

குழவி கதவடியில். உருண்ட சத்தம் கேட்கவில்லை.

சளக். சளக். சளக்.

வாளியில் எதுவும் குனிந்து நிற்கவில்லை. அதை முதலில் பார்த்தாள். விளிம்பில் கால் இல்லை, தலை இல்லை. வெறும் வாளி. ஆனால் தண்ணீர் அசைந்தது. ஒவ்வொரு சளக்குக்கும் ஒரு சின்ன வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது.

பிறகுதான் வாளிக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள்.

உரச்சாக்கு. புதுச் சாக்கு, இப்போது வெள்ளைப் பொருக்குத் தட்டி விறைத்துப்போன சாக்கு. அடி தேய்ந்து நூல் நூலாகக் கிழிந்திருந்தது, நெடுந்தூரம் இழுபட்டது போல. வாசலிலிருந்து அது வரை சீமெந்துத் தரையில் ஈரத் தடம். சாக்கின் வாய் கட்டியிருந்தது. கறுப்புப் பட்டி. அந்த மங்கலில் கல் ஒவ்வொன்றாக மினுங்கியது.

அவள் போட்ட முடிச்சு.

அவிழ்க்கவில்லை. அப்படியானால் அவிழ்க்கவில்லை. அவள்தான்.

சத்தம் சாக்குக்குள்ளிருந்து வந்தது. வெளியே வாளி காலியாகிக்கொண்டிருந்தது. அடிப்பகுதி தெரிந்தது. நாக்கு பிளாஸ்டிக்கைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை.

ஓடு, என்றது உடம்பு. ஆனால் ஓடியவள்தானே அவள். ஒரு தரம் ஓடியாகிவிட்டது. தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். அவிழ்க்கலாம். இப்போதாவது அவிழ்க்கலாம். விரல் முடிச்சைத் தொட்டது.

உப்பு. முடிச்சு முழுக்க உப்பு இறுகிக் கல்லாகியிருந்தது. இழுத்தாள். நகத்தால் கெல்லினாள். பல்லால் கடித்தாள். தையல்காரியின் விரலுக்கு அடங்காத முடிச்சு உலகத்தில் இல்லை என்று நேற்று வரை நினைத்திருந்தாள். நகம் பிய்ந்தது. முடிச்சு அசையவில்லை.

"கறுவா" என்றாள்.

சாக்கு அசைந்தது. மெல்ல, மிக மெல்ல, உள்ளே ஏதோ திரும்பியது. சாக்கின் பக்கத்தில் உருண்டையாக ஒரு மேடு எழும்பியது. தேடியது. அவள் கைக்கு நேரே வந்தது.

உள்ளங்கையில் முட்டியது. துஆவுக்கு ஏந்தும்போது முட்டுகிற அதே முட்டல்.

குறுகுறுவென்று ஒரு சத்தம். சந்தோஷமான சத்தம். கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருந்தால் அவளால் கையை எடுத்திருக்க முடியும்.

பிறகு பின்னலுக்கூடாக நாக்கு வந்தது. சொரசொரவென்று. வறண்டு. உளூவின் ஈரத்தை நக்கியது. விரல், விரலிடுக்கு, மணிக்கட்டு. முழங்கை வரை. அவசரமில்லாமல், ஒரு சொட்டு விடாமல், எப்போதும் போல.

ஈரம் முடிந்தது. கை முழுக்கக் காய்ந்தது.

நாக்கு நிற்கவில்லை.